துடைக்காமல் விட்ட இடம்

அவருடைய களுசான் பின்பையில் எப்போதும் ஒரு துணி இருக்கும். பழைய பெனியனைக் கிழித்த துணி. அதை வெளியே எடுத்தார் என்றால் யாரோ ஒருவருக்கு அன்றைய நாள் கெட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்கு வந்தால், கதிரையில் இருக்க முதல் அதன் காலைத் துடைத்துப் பார்ப்பார். இருக்கிற பலகையைத் துடைத்தாலாவது சுத்தக்காரர் என்று விட்டுவிடலாம். இவர் குனிந்து, கால் பொருந்துகிற மூட்டைத் துடைத்து, அங்கே ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் இருப்பார். அதுவரை நான் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன். லண்டனில் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் எனக்கு அண்ணைதான். ஆனால் வேறெந்த அண்ணையும் எனக்கு இவ்வளவு எரிச்சலைத் தந்ததில்லை. மன்னார்ப் பக்கத்து மனிதர், வேதக்காரர், கழுத்தில் கறுப்பு நூலில் சின்னச் சிலுவை. லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்கிற ஊரில், லொறிகள் நிறுத்துகிற ஒரு யார்டின் மூலையில் தகரக் கொட்டில் போட்டு வேலை செய்தார். டிரெயிலர்களின் அடிச்சட்டத்தில் வெடிப்புத் தேடுவதும், தேடிக் கண்டதை வெல்டிங் பிடித்து ஒட்டுவதும் அவருடைய தொழில். தேடுவதில் இருந்த ஆசை ஒட்டுவதில் இருக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

நானும் என் கணவரும் கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்தவீட்டு அந்தியேட்டி எல்லாவற்றுக்கும் சமைத்துக் கொடுக்கிறவர்கள். குட்மேய்ஸில் எங்கள் வீட்டுக் குசினி போதாமல் போனபோது, எசெக்ஸில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விற்ற அமெரிக்க டிரெயிலர் ஒன்றை வாங்கினோம். காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற கரவன் மாதிரி அல்ல அது. பிக்கப் வாகனத்தின் முதுகில் ஒரு வட்டத் தட்டு பூட்டியிருக்கும். டிரெயிலரின் மூக்கு உயர்ந்து வந்து, அதிலிருந்து இறங்குகிற தடித்த இரும்பு முளை அந்தத் தட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அந்தத் தட்டுக்குத்தான் ஐந்தாம் சில்லு என்று பெயர். உயர்ந்த மூக்குக்குள் அந்தத் தம்பதியின் படுக்கையறை இருந்தது. நாங்கள் கட்டிலைக் கழற்றிவிட்டு அதைச் சாமான் அறை ஆக்கினோம். கீழ்ப்பகுதியில் அடுப்புகள், கொத்துரொட்டித் தட்டு, கழுவுகிற தொட்டி. எங்கள் பிழைப்பு முழுவதும் அதற்குள் இருந்தது. அதை நெடுந்தெருவில் இழுத்துக்கொண்டு போகிறவர் என் கணவர். அந்த டிரெயிலரின் அடிச்சட்டம் நடுத்தெருவில் முறிந்தால் எனக்கு என்ன மிஞ்சும் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. அதனால்தான் இந்த மனிதரைச் சகித்துக்கொண்டேன்.

முதன்முதலில் அவரிடம் டிரெயிலரைக் கொண்டுபோன நாளில் எங்களுக்கு ஒரே பெருமை. விற்றவர்கள் அடிப்பக்கம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்துத் தந்திருந்தார்கள். என் கணவருக்கு அந்தப் பெயின்ட்தான் மிகவும் பிடித்துப்போயிருந்தது. அண்ணை குனிந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“பாக்கிற இடத்துக்குத்தான் மனுசன் பெயின்ட் அடிக்கிறது, தம்பி. ஆரும் பாக்காத இடத்துக்கு ஏன் அடிச்சவன்?”

துணியையும் தின்னர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. தின்னர் மணமும் செருமல் சத்தமும் மட்டும் வந்தன. நாங்கள் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். வெளியே வந்து, தேத்தண்ணி இருக்கிறதா என்று கேட்டார். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் என்ன கண்டார் என்று சொல்லவில்லை. பிறகு என் கணவரைக் கூட்டிக்கொண்டு போய், சில்லுக்கு மேலே ஸ்பிரிங் பூட்டுகிற இடத்தில் தலைமயிர் கனத்தில் ஓடிய ஒரு வெடிப்பைக் காட்டினார். அதன் இரண்டு முனையிலும் சோக்குக் கட்டியால் கோடு போட்டிருந்தார்.

ஒட்டித் தாருங்கள் என்றால் ஒட்டுகிறவர் அல்ல அவர். ஏன் வெடித்தது என்று தெரியாமல் ஒட்டினால் பக்கத்தில் இன்னொரு இடம் வெடிக்கும் என்பார். அந்த ஏனைக் கண்டுபிடிக்க எங்களைப் பொலிஸ்காரன் மாதிரி விசாரிப்பார். எந்த வீதியால் போனீர்கள், எந்த மேட்டில் ஏறினீர்கள், மேலே மூக்குக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் அரிசி என்று நான் சொன்னேன். ஏறிப் பார்த்தார். அரிசி மூட்டைகள், கிடாரங்கள், எண்ணெய்ப் பீப்பாய்கள், மாமியுடைய ஆட்டுக்கல், என் கணவரின் கிரிக்கெட் சாமான்கள் எல்லாம் அங்கே இருந்தன. மழைத்தண்ணி வராத உயரமான இடம், வேறெங்கே வைப்பது? அவர் இறங்கி வந்து என்னைப் பார்த்த பார்வையை என் மாமியார்கூடப் பார்த்ததில்லை.

“தங்கச்சி, அது ரெண்டு பேர் படுக்கச் செய்த இடம். நீங்கள் ஒரு கடையை ஏத்தி வச்சிருக்கிறியள்.”

அலுமாரிக் கதவு விஷயமும் அன்றுதான் வெளியே வந்தது. டிரெயிலருக்குள் ஒரு சுவர் அலுமாரி. ஓட்டத்தில் அதன் கதவு தானாகத் திறந்துவிடும், மூடினால் முட்டும். என் கணவர் சீவுளி பிடித்துக் கதவின் விளிம்பைச் சீவியிருந்தார். நல்ல வேலை செய்துவிட்டேன் என்ற நினைப்போடு அதை அண்ணைக்குக் காட்டினார். கதவில் பிழையில்லை, கதவு நிற்கிற சுவர் வளைகிறது, சுவரைத் தாங்குகிற சட்டம் வளைகிறது, நீ போய்க் கதவைச் சீவியிருக்கிறாய் என்று அண்ணை கொட்டிலில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவர் சொன்னபடி மேலேயிருந்த பாரத்தை இறக்கிச் சில்லுகளுக்கு நேரே வைத்தோம். அதற்குப் பிறகுதான் வெடிப்பை ஒட்டித் தந்தார். கதவு ஒழுங்காக மூடியது. ஆனால் சீவிய கதவு சீவியதுதான். இப்போதும் அதில் ஒரு விரல் போகிற இடைவெளி இருக்கிறது.

எப்போது முடியும் என்று கேட்டால், முடியும்போது முடியும் என்பார். அந்தப் பதிலுக்காகவே எத்தனையோ கலியாணக்காரரிடம் நான் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவருக்கு எல்லாமே டிரெயிலர்தான். நாங்கள் சமைத்த ஒரு கலியாணத்துக்கு அவரும் வந்திருந்தார். தாலி கட்ட இன்னும் கொஞ்ச நேரம், நாதஸ்வரக்காரர் தயாராக இருக்கிறார். இவர் மணவறை மேடையின் பட்டுத்துணியை உயர்த்திக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனைக் கூப்பிட்டு, மேடையின் பின்கால் ஒன்று பலகைத் துண்டில் நிற்கிறது, நிறையப் பேரை ஏற்றவேண்டாம் என்றார். அந்த மனிதர் பயந்துபோய் ஆசீர்வதிக்க வந்தவர்களை ஒவ்வொருவராக ஏற்றினார். பந்தி பிந்தியது, சோறு ஆறியது, பேச்சு எனக்கு விழுந்தது. மேடைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அன்று பின்னேரம் ஒரு பட்டாளமே அதில் ஏறி நின்று படம் எடுத்தது. நான் அதை அவருக்குச் சொல்லிக் காட்டினேன். இன்றைக்கு விழவில்லை, அவ்வளவுதான் என்றார்.

என் தங்கையின் புதுவீட்டுக் குடிபூரலில் புதிதாக ஒட்டிய சுவர்த்தாளின் மூலையை நகத்தால் உரித்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். ஈரம் இருக்கவில்லை. உரித்தது உரித்ததுதான். என் தங்கை அதற்குப் பிறகு அவருக்கு எந்தக் காரியத்துக்கும் அழைப்புச் சொல்லவில்லை. அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பாவம், சபையில் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவருடைய பின்பையில் கை வைத்துத் துணியை அமத்திப் பிடித்திருப்பார். அவர்கள் வீட்டில் மேசை விரிப்பே கிடையாது. விரிப்பு போட்டால் மேசையின் நிலைமை தெரியாதாம்.

எங்கள் டிரெயிலர் புறப்படுகிற விதத்தையும் இங்கே சொல்லவேண்டும். ஒவ்வொரு காரியத்துக்கும் புறப்பட முதல் என் கணவர் தேங்காய் உடைப்பார். முதலில் ரோட்டில்தான் உடைத்தார். சிரட்டைத் துண்டு தன் கார் டயரில் ஏறிவிட்டது என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வந்து சண்டை பிடித்தாள். இரவில் நரி வந்து தேங்காயைத் தின்கிறது என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு என் கணவர் ஒரு வழி கண்டார். டிரெயிலரின் மூக்கு உயரத் தொடங்குகிற முடக்கில், நிமிர்ந்த இரும்பும் கீழ்ச்சட்டமும் சேருகிற இடத்தில், ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். கீழே வாளியை வைத்துவிட்டு அந்த விளிம்பில் ஓங்கி அடிப்பார். தேங்காய் இரண்டாகி வாளிக்குள் விழும். ரோட்டில் ஒரு துளி இராது. பிறகு அந்த இடத்திலேயே சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு ஏறுவார். வருஷக்கணக்காக இப்படித்தான். சந்தனத்தின் மேல் சந்தனம் ஏறி அந்த இடம் ஒரு சின்னக் கோயில் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியும் பிறகு வாய் திறக்கவில்லை.

கடைசியில் அந்த வருஷம் வந்தது. கோடைக் கலியாணங்களுக்கு முன்பு, வழக்கம்போல டிரெயிலரை அண்ணையிடம் விட்டோம். சுவர் அலுமாரிக் கதவு மறுபடி முட்டத் தொடங்கியிருந்தது. பாரம் எல்லாம் அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. அவர் நாட்கணக்காகத் தேடினார். அடிப்பக்கம் முழுவதையும் துடைத்தார், சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார், மூக்குக்குள் தகட்டைக் கழற்றிப் பார்த்தார். நான் தினமும் போன் எடுத்துக் கத்தினேன். வால்தம்ஸ்டோவில் ஒரு பெரிய கலியாணம் காத்திருந்தது. இறுதியில் ஒரு பின்னேரம் அவரே போன் எடுத்தார்.

“ஒண்டும் அம்பிடேல்லை தங்கச்சி. ஓடலாம்.”

ஓடலாம். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் அதற்கு முன் வந்ததே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் உழுந்தை ஊறப்போட்டு வடை சுட்டு, அக்காவுக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் வடையை வாங்கிக்கொண்டு, பிய்த்து உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை தேங்காய் உடைத்துப் புறப்பட்டோம். என் கணவர் டிரெயிலரை இழுத்துக்கொண்டு முன்னால் போனார். நான் என் காரில் மரக்கறிகளோடு பின்னால் போனேன். நோர்த் சேர்க்குலர் வீதியில் ஒரு வளைவில் அவருக்குப் பக்கவாட்டில் வந்தபோதுதான் கண்டேன். டிரெயிலரின் பக்கத் தகட்டில், மூக்கு உயருகிற முடக்கில், ஒரு பிளவு. வாகனம் மேட்டில் ஏறும்போது திறந்தது, இறங்கும்போது மூடியது. ஒரு வாய் மாதிரி.

நான் ஹோர்னை அடித்தேன். லைட்டைப் போட்டுப் போட்டு நிறுத்தினேன். என் கணவர், கலியாணத்துக்கு நேரம் போய்விட்டது என்று நான் அவசரப்படுத்துகிறேன் என நினைத்து, இன்னும் வேகமாக ஓடினார். அந்தச் சில நிமிஷம் நான் பட்டதை எந்த எதிரியும் படக்கூடாது. அவருக்குப் பின்னால் லொறிகள். மூக்கு முறிந்தால் அது பிக்கப்பின் மேல், அவருடைய தலைக்குப் பின்னால்தான் விழும். அவருடைய போனுக்கு எடுத்தேன். எடுக்கவில்லை. ஓடும்போது போன் எடுக்கக்கூடாது என்று கட்டளை போட்டதே நான்தான். ஒரு சந்தி விளக்கு சிவப்பானதால் தப்பினோம். காரை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவில் அடித்தேன். பக்கத்துத் தெருவுக்குள் ஊர்ந்து ஊர்ந்து போய் நிறுத்துவதற்குள் மூக்கு இறங்கி, பிக்கப்பின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டது.

சமையல் ஆட்கள் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு கலியாண மண்டபத்தின் சின்னக் குசினிக்குப் போனார்கள். நான் அண்ணைக்குப் போன் எடுத்தேன். என்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். அவர் எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

வந்து இறங்கியவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே முடக்குக்குப் போனார், துணியை எடுத்தார், பிளவு போகிற வழியே துடைத்துக்கொண்டு வந்தார். பொட்டு வைத்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது. நான் பின்னால் நின்று இன்னும் பேசிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பினார்.

“தங்கச்சி, இதைத் துடைக்கலாமோ?”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. துடையுங்கோ என்றேன். அவர் கழுத்துச் சிலுவையை ஒருமுறை தொட்டுவிட்டுத் துடைத்தார். காய்ந்த சந்தனம் கட்டி கட்டியாக உதிர்ந்தது. குங்குமம் என்று நாங்கள் நினைத்திருந்த சிவப்பில் பாதி கறள், இரும்புத் துரு. பெயின்ட் முழுவதும் கொத்துப்பட்டு, இரும்பு குழி விழுந்து, அந்தக் குழியிலிருந்து வெடிப்பு கீழ்ச்சட்டம் வரைக்கும் ஓடியிருந்தது. பழைய வெடிப்பு. உள்விளிம்பு கறுத்திருந்தது.

“இதில என்னத்தால அடிச்சனீங்கள்?”

என் கணவர் மெல்லிய குரலில், தேங்காய் என்றார். பக்கத்து வீட்டுக்காரியின் கதையையும் சொன்னார். அண்ணை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கோ வேறொரு கேள்வி இருந்தது.

“எல்லா இடமும் துடைச்ச நீங்கள், இதை மட்டும் ஏன் அண்ணை விட்டனீங்கள்?”

அவர் தெருவோரக் கல்லில் இருந்தார். துணியை மடித்தார், விரித்தார்.

“நான் வேதக்காரன் தங்கச்சி. அது உங்கட சாமியிட இடம். என்ட கை எண்ணெய்க் கை. ஒவ்வொருமுறையும் அதில வந்து நிப்பன். துடைச்சா நீங்கள் என்ன நினைப்பியளோ எண்டு விட்டிட்டுப் போவன்.”

“நாங்கள் என்ன நினைப்பம் எண்டு நீங்கள் ஒருநாளாவது யோசிச்சனீங்களோ? கலியாண மேடையில யோசிச்சனீங்களோ? என்ட தங்கச்சி வீட்டுச் சுவரில யோசிச்சனீங்களோ? யோசிக்கிறதுக்கு இந்த இடந்தான் கிடைச்சதோ?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் அடங்கவேயில்லை. உலகத்தில் உள்ள எல்லோருடைய மனத்தையும் நோகடித்த மனிதர், ஒரே ஒரு இடத்தில் மரியாதை பார்த்திருக்கிறார். அந்த மரியாதை என் புருஷனைக் கொன்றிருக்கும். இதை நினைக்க நினைக்க அவரை அடிக்கவும் வேண்டும்போல இருந்தது, அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கவும் வேண்டும்போல இருந்தது. கடைசியில் தேத்தண்ணிதான் வாங்கிக் கொடுத்தேன்.

ஒட்டுவதற்கு அந்தக் கோடை முழுவதும் எடுத்தார். வெடிப்பின் முனையில் சின்னத் துளை போட்டார், அதற்கு மேல் ஓடாமல் இருக்க. கறள் பிடித்ததை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்தார். இரண்டு பக்கமும் தகடு வைத்து, தகட்டின் முனையைச் சதுரமாக விடாமல் கூராக வெட்டினார். சதுரமாக விட்டால் பாரம் ஒரே கோட்டில் போய் நின்று அங்கே வெடிக்குமாம். எப்போது முடியும் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மண்டபக் குசினிகளில் நெரிபட்டுச் சமைத்தோம். தேங்காய் உடைக்க என் கணவருக்கு ஒரு கருங்கல் தேடிக் கொண்டுவந்து தந்ததும் அண்ணைதான். இப்போதும் வாளிக்குள் அந்தக் கல்லை வைத்துத்தான் உடைக்கிறோம்.

இதோடு திருந்தினாரா என்றால், இல்லை. புதிதாக ஒரு கரைச்சல் சேர்ந்தது. அடுத்த வருஷத்திலிருந்து அவருடைய பையில் துணி, தின்னர், சோக்கோடு ஒரு சின்ன டப்பாவும் வந்தது. குட்மேய்ஸ் கடையில் வாங்கிய குங்குமமும் சந்தனமும். முதலில் பொட்டைத் துடைப்பார், பார்ப்பார், பிறகு தானே திருப்பி வைப்பார். ஆனால் துடைக்க முதல் நான் வந்து நிற்க வேண்டும்.

“துடைக்கிறன் தங்கச்சி” என்பார். நான் ஓம் என்று சம்மதம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கை போகும். போனில் சொன்னால் காணாது. அடுப்பில் எண்ணெய் கொதிக்கட்டும், நான் கைவேலையை விட்டுவிட்டுப் பார்க்கிங்குக்குப் போய் அந்த ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருமுறை பனிக்குள் போய் ஓம் சொல்லிவிட்டு வந்து, அவரை வாயில் வந்தபடி ஏசினேன். முதல் வருஷம், பொட்டு எந்த விரலால் வைக்கிறது என்று கேட்டார். மோதிர விரல் என்றேன். அவருடைய மோதிர விரல் எப்போதோ ஜாக்கி வழுக்கி நசுங்கி வளைந்த விரல். வைத்த பொட்டு இடது பக்கம் சரிந்திருக்கும். நேராக வைக்கச் சொன்னால், இரும்பு நேராக நிற்கிறது, அது காணும் என்பார்.

போன மாரிக் குளிரில் அவர் போய்விட்டார். நெஞ்சு வருத்தம். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலின் சில்லைத் துடைத்துப் பார்க்கச் சொல்லி அக்காவைக் கரைச்சல்படுத்தினாராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து அவர் வழக்கமாக இருக்கிற கதிரையைப் பார்த்தபோதுதான் அழுதேன்.

இந்த வசந்தத்தில் டிரெயிலரைப் பார்க்க வேறொருவரைப் பிடித்தோம். போலந்துக்காரர், பெரிய உடம்பு, சொன்ன நேரத்துக்கு வந்தார், எப்போது முடியும் என்றதற்கு நேரம் சொன்னார். அடிப்பக்கம் முழுவதும் வெடிப்பைக் காட்டுகிற சாயம் தெளித்துக் கவனமாகப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு முடக்கைக் காட்டி, அது உங்கள் சமயத்துப் பொருள் என்று விளங்கியது, அதனால் அதை மட்டும் தொடவில்லை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தப் பொட்டு அண்ணை போன வருஷம் கடைசியாக வைத்தது. அதற்குப் பிறகு நாங்கள் அதன் மேல் புதிதாக ஒன்றும் வைக்கவில்லை, கற்பூரம் மட்டும் காட்டினோம். இடது பக்கம் சரிந்தபடியே காய்ந்து போயிருந்தது.

“அது அண்ணை வச்சதெல்லே. விடுவம்” என்றார் என் கணவர்.

எனக்கும் விடத்தான் ஆசை. யாருக்குத்தான் ஆசை இராது? அந்த விரல் இனி எங்கே போய் வைக்கும்? ஆனால் விட்டால், அடுத்த கலியாணத்துக்கு அதை இழுத்துக்கொண்டு போகிறவர் இதோ பக்கத்தில் நிற்கிற இந்த மனுசன்தான். செத்த பிறகும் என்னை நிம்மதியாக இருக்க விடாத மனிதரை நினைத்து எரிச்சல் எரிச்சலாக வந்தது. குசினித் துணியைத் தின்னரில் நனைத்துக்கொண்டு குனிந்தேன். கை போகவில்லை.

“துடைக்கிறன் அண்ணை” என்றேன்.

என் கணவர் பின்னாலிருந்து “ஓம்” என்றார்.

துடைத்தேன். நகத்தால் கீறியும் பார்த்தேன். கூராக வெட்டிய தகட்டின் முனை, அதைச் சுற்றி அவருடைய ஒட்டு, ஒரு கீறல் இல்லை. போலந்துக்காரர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு யார் ஒட்டியது என்று கேட்டார். எங்கள் அண்ணை என்றேன்.

அவர் போன பிறகு சந்தனத்தைக் குழைத்துப் பொட்டு வைத்தேன். என் கை, நேராகத்தான் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பிடிக்கவில்லை. துடைத்துவிட்டு, இடது பக்கம் சரித்து வைத்தேன்.